ஸ்ட்ரோக் ரிஸ்க் பேக்கேஜ்: பாதிக்குத்தான் காசு குடுக்கலாம்

பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு வீட்ல எல்லாரும் ஒரே பிடியா நின்னாங்க, சரின்னு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற ஒரு லேப்ல 'ஸ்ட்ரோக் ரிஸ்க் ப்ரொஃபைல்' புக் பண்ணினேன். லேப் பேரு வேணாம், வேற வேற பேர்ல நெறைய இடத்துல இதே ஐட்டம்தான் ஓடுது. லிபிட் (கொழுப்பு), ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை), ஹெச்எஸ்-சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுறது), ஹோமோசிஸ்டீன் (ரத்தத்துல இருக்கற ஒரு அமினோ ஆசிட், கூட இருந்தா ஸ்ட்ரோக் ரிஸ்க்னு பாக்குறாங்க), லிப்போப்ரோட்டீன்-ஏ (கொலஸ்ட்ராலைச் சுமக்குற ஒரு வகை துகள்), டி-டைமர் (ரத்தக்கட்டு கரையும்போது வர்ற துணுக்கு).

சர்வீஸ்ல குறை இல்ல. தம்பி சொன்ன டைமுக்கு வந்தாரு, ஒரே குத்துல நரம்பு புடிச்சாரு, மறுநாளே வாட்ஸ்அப்ல ரிப்போர்ட்.

கடுப்பே ஹோமோசிஸ்டீன்லதான். அதுக்கு எடுக்குற ட்யூபை உடனே ஐஸ்ல வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள பிளாஸ்மாவ (அணுக்கள் இல்லாத நீர்ப்பகுதி) பிரிச்சிடணும், இல்லன்னா ட்யூபுக்குள்ளயே சிவப்பணுக்கள் அதை வெளிய விட்டுகிட்டே இருக்கும், நம்பர் சும்மாவே ஏறும். இவரு மே மாச வெயில்ல பைக் பேக்கோட சைடு ஜிப்புல சொருகினாரு. "ஐஸ் பேக் இல்லையா தம்பி?"ன்னா "இன்னும் மூணு வீடு இருக்கு சார், லேப்ல பாத்துக்குவாங்க"ங்கறாரு. ரிப்போர்ட்ல 22, செவப்பு கலர்ல. 15க்குள்ள இருந்தா நார்மல். அப்பா அன்னிக்கு வாக்கிங் கூட போகாம உக்காந்துட்டாரு. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி லேப்லயே நேரா போய் குடுத்தோம், 13.

ஹோமோசிஸ்டீன் நெஜமாவே கூட இருந்தாலும், வைட்டமின் போட்டு எறக்கினா ஸ்ட்ரோக் வராதுங்கற அளவுக்கு விஷயம் சிம்பிள் இல்ல. ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு பி வைட்டமின் அதிகமா குடுத்துப் பாத்த ஒரு ட்ரயல் 2004ல வந்துச்சு, ஹோமோசிஸ்டீன் எறங்குச்சு, மறுபடி ஸ்ட்ரோக் வர்றது குறையல. ஆனா சீனாவுல பிபி இருக்கற 20,000 பேருக்கு மேல வச்சு 2015ல வந்த ட்ரயல்ல, பிபி மாத்திரையோட ஃபோலிக் ஆசிட் (அதுவும் ஒரு பி வைட்டமின்தான்) சேத்துக் குடுத்தவங்களுக்கு, வெறும் பிபி மாத்திரை எடுத்தவங்கள விட முதல் ஸ்ட்ரோக் 21 சதவீதம் கொறஞ்சுது. இதெல்லாம் ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல, கீழ அவங்களோட வைட்டமின் டப்பாவுக்கு லிங்க் மட்டும் பளிச்சுன்னு இருக்கு!

சிஆர்பி 1க்கு கீழ நல்லது, 3க்கு மேல ரிஸ்க், ஆனா ஒரு சளி காய்ச்சல் வந்தாலே எகிறிடும், 10 தாண்டினா கொஞ்ச நாள் விட்டு திரும்ப எடுக்கணும். புக்கிங் ஃபார்ம்ல காய்ச்சல் இருந்துச்சான்னு கேள்வியே இல்ல. டி-டைமர் கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டு சந்தேகம் வந்தா பாக்குறது, வயசானாலே கொஞ்சம் ஏறும், சும்மா இருக்கற மனுஷனுக்கு எதுக்குன்னே புரியல, பேக்கேஜ் பெருசா தெரியத்தான் போல.

உருப்படியான ஐட்டம் லிப்போப்ரோட்டீன்-ஏ. பரம்பரையா வர்றது, டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டினா ரிஸ்க், பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுல ஒரு தடவ பாத்தா போதும். ஆப்ல 'வருஷா வருஷம் ரெனியூ பண்ணுங்க'ன்னு வருது பாருங்க, சிரிப்புதான்.

இவ்ளோ பண்ணிட்டு பிபி பாக்கல! 32 நாட்டுல எடுத்து 2016ல வந்த பெரிய ஆய்வுல ஸ்ட்ரோக் ரிஸ்க்ல கிட்டத்தட்ட பாதி பிபி கணக்குலதான் வந்துச்சு. இதயம் தாறுமாறா துடிச்சு ரத்தக்கட்டு மூளைக்குப் போற கேஸும் இந்த ட்யூப்ல தெரியாது, ஈசிஜிலதான் மாட்டும்.

அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார். லிபிட், ஹெச்பிஏ1சி, லிப்போப்ரோட்டீன்-ஏ மூணையும் தனியா எடுங்க, ஹோமோசிஸ்டீன் வேணும்னா லேபுக்கே நடந்து போய் குடுங்க. அந்த ஒரு டெஸ்ட் காசையாவது திருப்பிக் கேட்டு டிக்கெட் போட்டிருக்கேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஆட்டோ ரிப்ளை மட்டும் வந்திருக்கு.