லிங்க்ட்இன் பக்கம்: எழுதித்தர ஆள் பிடிப்பதா, நாமே எழுதுவதா?

இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். முதல் முறை வேலை மாற நினைத்தபோது, சுயவிவரம் எழுதித் தருபவர் ஒருவரிடம் பணம் கொடுத்து வேலை தொடர்பான சமூக வலைத்தளமான லிங்க்ட்இனில் என் பக்கத்தை எழுதி வாங்கினேன். போன வருடம் அதை முழுக்க அழித்துவிட்டு நானே எழுதினேன். நடுவில் சில நாட்கள் ஏஐ எழுதித் தந்த வடிவமும் அங்கே இருந்தது. இன்று யார் கேட்டாலும் நீங்களே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆள் வைத்ததில் எனக்குக் கிடைத்த நன்மையையும் மறைக்கக் கூடாது. பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். நானோ பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் மட்டும் போட்டு மீதி இடத்தைச் சும்மா விட்டிருந்தேன். நம்மைப் பற்றிச் சொல்லும் அபவுட் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது, ஆனால் பக்கத்தைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது தொடக்கத்தில் உள்ள சில வரிகள்தான். மீதியைப் படிக்க அவர் ஒரு தடவை அழுத்த வேண்டும். நிறுவனங்களுக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர்கள் தேடுவதும் பதவிப் பெயர், திறன், ஊர் ஆகியவற்றை வைத்துத்தான். இதெல்லாம் எழுதித் தந்தவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் செய்த வேலை நல்ல வேலை. புகைப்படம், சுருக்கமான இணைய முகவரி போன்றவற்றை யார் செய்தாலும் ஒன்றுதான், பத்து நிமிடத்தில் முடியும்.

சிக்கல் எட்டு மாதம் கழித்து வந்தது. நான் மென்பொருள் டெஸ்டிங்கில் இருக்கிறேன். கையால் சோதிக்கும் வேலையிலிருந்து, நிரல் எழுதித் தானாகச் சோதிக்க வைக்கும் ஆட்டோமேஷனுக்கு அதே நிறுவனத்திலேயே மாறினேன். அதைச் சேர்க்கலாம் என்று பக்கத்தைத் திறந்தால், அங்கே இருந்தவை எல்லாம் "முடிவுகளை முன்னிறுத்தும், பல்துறை அணிகளை ஒருங்கிணைக்கும் வல்லுநர்" என்ற தினுசு வாக்கியங்கள். அதன் நடுவே என் இரண்டு வரிகளை வைத்துப் பார்த்தேன், பட்டுத் துணியில் பருத்தி ஒட்டுப்போட்டது போலத் தெரிந்தது. அந்த நடையில் எழுத எனக்கு வராது. அவரிடமே திரும்பப் போகலாம் என்றால் மறுபடியும் பணம், மறுபடியும் விளக்கம். சரி, பிறகு பார்க்கலாம் என்று மூடிவைத்தேன். அந்தப் 'பிறகு' வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை எனக்கு வந்த அழைப்புகள் அநேகமாக எல்லாமே நான் விட்டுவந்த வேலைக்கானவை. ரெக்ரூட்டர்கள் மேல் தவறில்லை, பக்கத்தில் இருந்ததைத்தான் அவர்கள் தேடிப் பிடித்தார்கள்.

ஆள் வைப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பணத்தையும் மொழிநடையையும்தான் ஒப்பிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது பராமரிப்பை. வேலை மாறும், அணி மாறும், புதுக் கருவி கற்றுக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் தொட யார் இருக்கிறார்கள்? நம் கைக்கு வராத நடையில் எழுதிய பக்கத்தை நாம் தொடவே மாட்டோம்.

நேர்காணலிலும் இது தெரிந்தது. "சோதனைச் செயல்முறையை மறுவடிவமைத்தார்" என்று என் பக்கத்தில் இருந்த வரியைப் படித்துக் காட்டி, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு கணம் எனக்கே புரியவில்லை. அப்புறம் நடந்ததைச் சொன்னேன்: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் மூன்று நாள் பிடித்த ரெக்ரஷன் டெஸ்டிங்கில் (புது மாற்றத்தால் பழையது எதுவும் கெடவில்லையா என்று மறுபடி சோதிப்பது), ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்த டெஸ்ட் கேஸ்களை நீக்கி ஒரு நாளாகக் குறைத்தோம். "இதையே எழுதியிருக்கலாமே" என்றார் கேட்டவர். உண்மைதான். எழுதிக் கொடுத்தவருக்கு நான் அனுப்பிய குறிப்பில் ஏறக்குறைய அதே வாக்கியம் இருந்தது. பக்கத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அந்தக் குறிப்பிலேயே இருந்திருக்கிறது, மெருகேற்றும்போது விஷயம் உதிர்ந்துவிட்டது.

ஏஐ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகம் உண்டு, இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஆனால் விவரம் போதாத இடத்தை அதுவே நிரப்பிவிடுகிறது. நான் சொல்லாத ஒரு சதவீதக் கணக்கை என் சாதனையாக எழுதித் தந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் அது என் பெயரில் ஒரு பொய்யாக நின்றிருக்கும். இப்போது நான் எழுதியதைக் கொடுத்து, நீளத்தைக் குறைக்கவும் பிழை பார்க்கவும் மட்டும் பயன்படுத்துகிறேன். அதற்கு நன்றாக உதவுகிறது.

லிங்க்ட்இனின் கட்டணச் சேவையான பிரீமியம் சந்தாவை இலவச மாதத்தில் மட்டும்தான் பயன்படுத்தினேன், அதனால் என் கருத்தை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்தைப் பார்த்தவர்களைக் காட்டியது, அறிமுகமில்லாதவர்களுக்கு மாதம் 5 இன்மெயில், அதாவது நேரடிச் செய்தி, அனுப்ப முடிந்தது. செய்தி போய்ச் சேர்ந்தாலும், அதைப் பெற்றவர் அடுத்து திறப்பது நம் பக்கத்தைத்தான். அது சரியில்லாத நிலையில் சந்தா எனக்குப் பயன்படவில்லை.

நானே எழுதுவதென்று ஆனபின் செய்துகொண்ட ஏற்பாடு எளிது. மாதக் கடைசி வேலை நாளில், அந்த மாதம் செய்ததை இரண்டு வரியில் ஒரு கோப்பில் எழுதுவேன். என்ன பிரச்சினை, நான் செய்தது என்ன, எது மாறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் நல்லதாக ஒன்றைப் பக்கத்துக்கு எடுத்துப் போவேன். வாடிக்கையாளர் பெயரையும் உள்விவகார எண்களையும் போடுவதில்லை. திருத்துவதற்கு முன், மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். வேலை தேடுகிறீர்கள் என்றால், வேலைக்குத் தயார் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' அறிவிப்பை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம், அப்போது படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. உங்கள் நிறுவனத்து ரெக்ரூட்டர்கள் கண்ணில் படாமல் தடுக்க லிங்க்ட்இன் முயல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

நம்மைப் பற்றி மற்றவர்கள் நம் பக்கத்தில் எழுதும் பரிந்துரைகளை விலைக்கு வாங்கக் கூடாது. கூட வேலை செய்த ஒருவரிடம், இன்ன வேலையைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பாராட்டுதான் வரும்.

ஆள் வைப்பது யாருக்குமே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். நீண்ட இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பிய தோழி ஒருத்திக்கு அது கைகொடுத்தது. எழுதியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளைப் பேசவிட்டுக் கேட்டு, அவள் சொன்ன வார்த்தைகளையே வைத்து எழுதினார். துறையே மாறுபவர்களுக்கும் அப்படி ஒருவர் உதவலாம், ஆனால் அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. வைப்பதானால், படிவம் அனுப்பி நிரப்பச் சொல்பவரை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பவராகப் பாருங்கள். எழுதி வாங்கியதும் அதில் ஒரு வரியை நீங்களே மாற்றிப் பாருங்கள். மாற்றியது உறுத்தினால் திருப்பிக் கொடுத்து எளிமையாக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் எனக்கு மறுபடியும் அணி மாறியது. ஹெட்லைனில் ஒரு சொல்லை மாற்றினேன், அனுபவப் பகுதியில் இரண்டு வரி சேர்த்தேன். அன்று மாலையே முடிந்துவிட்டது.