லீஸுக்குக் கொடுத்த பீட் கைவிட்டுப் போகும் விதம்: வீட்டிலிருந்து பீட் விற்பவர்களுக்கு எச்சரிக்கை

லேப்டாப்பும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பீட் (பாடகர் மேலே பாடுவதற்கான பின்னணி இசை) செய்து விற்கும் பிள்ளைகள் பலர் ஒரே வழியில் ஏமாறுகிறார்கள். காசு வராமல் போவது வேறு கதை. காசு ஒழுங்காக வந்த பிறகு பீட்டே கைமாறிப் போகிறது, அதுதான் பெரிய நஷ்டம்.

நடப்பது இதுதான். ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்து வேவ் லீஸ், அதாவது பீட்டின் WAV ஒலிக்கோப்பைப் பயன்படுத்தும் அனுமதி வாங்குகிறார். லீஸ் என்பதால் அதே பீட்டை இன்னும் நாலு பேருக்கு நீங்கள் கொடுக்கலாம். வாங்கியவர் பாடி முடித்து, பாட்டை இசைத் தளங்களுக்கு அனுப்பும் ஏதோ ஒரு விநியோக நிறுவனம் வழியாக வெளியிடுகிறார். பதிவேற்றும் பக்கத்தில் ‘யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா’ என்று கேட்கும் இடத்தில் டிக் போட்டுவிடுகிறார். பதிந்த ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் முறைதான் கன்டென்ட் ஐடி. பாட்டின் முதல் 8 பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) குரலே இல்லை, அது முழுக்க உங்கள் பீட். யூடியூப் அந்த ஒலியை அவருடையது என்று பதிந்துகொள்கிறது. அடுத்து உங்கள் சேனலில் இருக்கும் முன்னோட்ட வீடியோவுக்கே கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) வருகிறது. அதே பீட்டை லீஸ் எடுத்த மற்றவர்களின் பாட்டுக்கும் வருகிறது, அவர்களுடைய விளம்பர வருமானம் இவர் கணக்குக்குப் போகிறது. திருட்டு பீட்டை விற்றுவிட்டாய் என்று அவர்கள் உங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

விவரம் தெரியாமல் டிக் போடுகிறவர்கள் உண்டு. தெரிந்தே போடுகிறவர்களும் உண்டு. எதுவானாலும் யூடியூப் விதி உங்கள் பக்கம்தான்: ஒருவருக்கு மட்டுமே உரிமை (எக்ஸ்க்ளூசிவ்) இருக்கும் ஒலியைத்தான் கன்டென்ட் ஐடியில் சேர்க்கலாம், பலருக்கும் லீஸில் கொடுத்த இசைக்கு அந்தத் தகுதி கிடையாது.

கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் மறுப்பு பதியுங்கள். அப்படிச் செய்தால் முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும். தாமதித்தால் மறுத்த நாளிலிருந்துதான் நிறுத்தும். கிளெய்ம் செய்தவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அவர் மறுப்பை நிராகரித்தால் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்குப் பதில் சொல்ல 7 நாள்தான். கூடவே விநியோக நிறுவனத்துக்கு உரிமப் பிரதியை அனுப்பி, பாட்டை எடுக்க வேண்டாம், கன்டென்ட் ஐடியிலிருந்து மட்டும் நீக்குங்கள் என்று தெளிவாக எழுதுங்கள். கோபத்தில் அவர் பாட்டையே நீக்கச் சொல்லி காப்பிரைட் ஸ்டிரைக் அடித்துவிடாதீர்கள். செல்லுபடியாகும் லீஸ் அவர் கையில் இருந்தால் தவறு உங்கள்மேல் திரும்பும்.

இதற்கெல்லாம் அடிப்படை உரிமப் பத்திரம். வாட்ஸ்அப்பில் ‘ஓகே ப்ரோ, யூஸ் பண்ணிக்கோங்க’ என்று எழுதினால் நாளை எதையும் நிறுவ முடியாது. ஒரு பக்கம் போதும், ஆனால் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்: ‘இது எக்ஸ்க்ளூசிவ் அல்லாத உரிமம். இந்தப் பீட்டையோ இது சேர்ந்த பாடலையோ கன்டென்ட் ஐடி போன்ற எந்த ஒலி அடையாள முறையிலும் பதியக் கூடாது.’ காலம், நிலப்பரப்பு, ஸ்ட்ரீம் உச்சவரம்பு, பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். எக்ஸ்க்ளூசிவாக உரிமையை எழுதிக்கொடுத்தால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அதற்கு முன் யார் யாருக்கு லீஸ் கொடுத்தீர்கள் என்ற பட்டியலை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். மறைத்தால் ஏமாற்றியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

கிளெய்ம் வர இன்னொரு காரணம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் தயார் இசைத் துணுக்கு. ஸ்ப்ளைஸ் போன்ற துணுக்குத் தளத்தில் எடுத்த மெலடி லூப்பை அப்படியே போட்டு மேலே டிரம்ஸ் மட்டும் அடுக்கினால், அதே லூப்பில் வேறொருவர் செய்த பாட்டோடு உங்கள் பீட் பொருந்திவிடும். ராயல்டி கிடையாது என்பதால் அது உங்களுக்கு மட்டும் சொந்தம் ஆகாது. லூப்பை வெட்டி, சுருதி மாற்றி, வரிசை கலைத்து, புதிதாக ஒரு மெலடி சேருங்கள். எக்ஸ்க்ளூசிவ் விற்பதாக இருந்தால் லூப்பே வேண்டாம், நீங்களே வாசியுங்கள்.

பீட்டின் நடுவே உங்கள் பெயரைச் சொல்லும் குரல் டேக்கை மட்டும் நம்பி முன்னோட்டம் போடுவதும் இப்போது பாதுகாப்பில்லை. குரலைப் பிரித்தெடுக்கும் ஏஐ கருவிகள் டேக்கைச் சுத்தமாகக் கழற்றிவிடுகின்றன. முழு பீட்டைப் போடாமல் ஒன்றரை நிமிடம் போடுங்கள். டேக்கோடு சேர்த்து ஹூக் (பல்லவி) வரும் இடத்தில் டிரம்ஸை ஒரு பார் அறுத்துவிடுங்கள். டேக்கைக் கழற்றும் கருவியால் அறுந்த பார் திரும்பி வராது.

பணம் வாங்குவதில் இரண்டே விஷயம். யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஸ்டெம் (பீட்டின் தனித்தனி ஒலிக்கோப்பு) அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கில் தொகை ஏறியதா என்று பாருங்கள். ‘தவறி அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்’ என்று வந்தாலும் அதே சோதனைதான். வெளிநாட்டவர் பேபாலில் கொடுத்தால், 180 நாள்வரை அவர் புகார் எழுப்பலாம் என்பதை மறக்காதீர்கள். ஸ்டெம்களைப் பதிவிறக்கிய நாளும் நேரமும் காட்டும் இணைப்பில் அனுப்பி, அந்தப் பதிவையும் கையெழுத்திட்ட பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொரு பீட்டின் புராஜெக்ட் ஃபைலையும் தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள். டிராக் டிராக்காகத் திறந்து காட்ட உங்களால் மட்டுமே முடியும், அதைவிட வலுவான சாட்சி இல்லை. பணமே மோசடியாகிவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். நேரம் கடந்தால் தொகை வேறு கணக்குக்கு மாறிவிடும், பிறகு முடக்குவது கடினம்.