வால்டார்ஃப் முதல் வகுப்பு: பலம் கணக்கில், சிக்கல் எழுத்தில்

ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1919இல் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய பள்ளிமுறைதான் வால்டார்ஃப். முதல் வகுப்பில் படமும் பாட்டும்தான், படிப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

முதல் பாடம் ஒரு நேர்கோடும் ஒரு வளைகோடும். குழந்தைகள் அந்தக் கோட்டின் மேல் நடக்கிறார்கள், காற்றில் விரலால் வரைகிறார்கள், பிறகே மெழுகு வண்ணக்கட்டியால் தாளில் போடுகிறார்கள். அடுத்த வாரங்களில் அலை, சுருள் என்று வளரும். எழுத்துக்குக் கை பழகுவது இங்கேதான். தினமும் காலையில் இரண்டு மணி நேரம்வரை ஒரே பாடம். அதுவே மூன்று, நான்கு வாரம் ஓடும்.

கணக்குதான் முதல் வகுப்பின் சிறந்த பகுதி. 7உம் 5உம் எத்தனை என்று தொடங்குவதில்லை. 12 கூழாங்கற்களைக் கொடுத்து எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று கேட்கிறார்கள். 7, 5 என்று ஒரு குழந்தை பிரிக்கும். நான்கு நான்காக மூன்று குவியல் வைக்கும் இன்னொன்று. இரண்டும் சரி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் முதல் ஆண்டிலேயே வந்துவிடும்.

எழுத்தில் கவனம் வேண்டும். கதையிலிருந்து படம், படத்திலிருந்து எழுத்து என்பது முறை. படத்தின் வடிவமும் சொல்லின் முதல் ஒலியும் ஒன்றாக அமைய வேண்டும். பள்ளத்தை வரைந்தால் 'ப' தானாக வந்துவிடும். ஆனால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ் மரபுப்படி சொல்லுக்கு முதலில் வராதவை. இவற்றுக்கு வலிந்து படம் தேடினால் குழந்தைக்குப் படம் நினைவிருக்கும், ஒலி நினைவிருக்காது. 216 உயிர்மெய்க்கும் கதை சொல்லவும் முடியாது. அங்கே கால், கொம்பு, சுழி என்று வடிவ ஒழுங்கைக் காட்டுவதே வழி. இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஆசிரியரிடம் கட்டாயம் கேளுங்கள். எழுதிய பிறகே வாசிப்பு என்பதால் வேகம் குறைவு. நடுவில் வேறு பள்ளிக்கு மாறும் குழந்தை திணறும். வாசிப்புக் குறைபாடு இருந்தாலும் "மெதுவாக வரட்டும்" என்ற பொறுமையில் அது மறைந்துபோகலாம். இது சிறிய குறையல்ல.

ஓவியம், பின்னல், குழல் ஆகியவையும் இந்த வகுப்பில் உண்டு. நனைத்த தாளில் தீட்டும் ஈரத்தாள் ஓவியத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டுமே. நனைத்த தாளில் மிகுந்த நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்காவிட்டால் நிறங்கள் ஓடிக் கலந்து சேறாகிவிடும்.

ஊசியால் நூல் பின்னும்போது முதல் வரிசைக் கண்ணிகளை (நூல் வளையங்களை) ஆசிரியரே போட்டுக் கொடுப்பது நல்லது. துணி வரவர அகலமானால் நூல் தவறுதலாக ஊசியைச் சுற்றியிருக்கும். குறுகினால் கண்ணி நழுவியிருக்கும். வரிசைக்கு வரிசை எண்ணும் பழக்கம் இதிலேயே வரும்.

ஐந்து சுரக் குழலில் அரைச்சுர இடைவெளி கிடையாது. மோகன ராகத்தின் சுரங்கள்தான் அதில் உள்ளவை. யார் எதை ஊதினாலும் காதை உறுத்தாது.