கியர்பாக்ஸ் கூலர் லைன் கிழிந்தால்: ரப்பரா, இரும்பா, நிக்கல்-காப்பரா?

காடுமேடு ஏறும் என் ஆட்டோமேட்டிக் வண்டியில், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பைப்பான கூலர் லைன் கசிய ஆரம்பித்ததும் இருக்கிற வழிகளை எல்லாம் அலசிவிட்டு, நிக்கல்-காப்பர் பைப் போட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த லைனில் ஆயிலைத் தள்ளுவது கியர்பாக்ஸின் சொந்த பம்ப். எஞ்சின் ஓடும்வரை பம்பும் தள்ளிக்கொண்டே இருக்கும். சின்ன ஓட்டை விழுந்தாலும் ஆயில் வெளியே போய், அழுத்தம் குறைந்து, உள்ளே கிளட்ச் தகடுகள் கருகிவிடும். ஆகவே கசிவைத் தள்ளிப்போடும் பேச்சே வேண்டாம்.

அடிபட்ட துண்டை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் சொருகி இரண்டு கிளாம்ப் போடுவதுதான் வேகமான வழி. வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க இதை மிஞ்சியது இல்லை. என் டூல் பாக்ஸில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும். ஆனால் ஹோஸ்மேல் எஸ்ஏஇ ஜே1532 (கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ஹோஸுக்கான தரக்குறியீடு) என்று அச்சடித்திருக்க வேண்டும். ஹீட்டர் ஹோஸ் இந்த ஆயிலில் ஊறி உப்பிவிடும். வெட்டிய பைப் முனை வழவழப்பாக இருந்தால் ஹோஸ் சூட்டில் நழுவும். பைப் முனையை விரித்து மடிக்கும் (இதுதான் ஃபிளேர்) டூலின் முதல் கட்டத்தை மட்டும் செய்து முனையில் ஒரு குமிழ் எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக விடலாமா என்றால், நான் விடமாட்டேன். வழக்கமாக 80–95 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஆயில், மணலில் மெதுவாக இழுக்கும்போது 120-ஐத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் ரப்பர் உள்பக்கத்திலிருந்தே இறுகிப்போகும்.

வெட்டிய முனைகளை இணைக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்: பைப்பைக் கடித்துப் பிடிக்கும் ஒரு வளையத்தை நம்பி, இவ்வளவு அதிரும் வண்டியில் கியர்பாக்ஸை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

கம்பெனி இரும்பு லைன் வளைவும் ஃபிளேரும் தயாராக வரும். உங்கள் வண்டிக்கு அது கிடைக்கும், கையில் நேரமும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் எஞ்சின் உள்ளே இருக்கும்போது அந்த நீண்ட வளைவுகளை நுழைப்பது பெரும்பாடு.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: பைப் உடைவதற்கு முன் அதன் நிலை கண்ணுக்குத் தெரியுமா? என் பழைய இரும்பு லைன் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சேசிஸில் அதைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவே சேறு இறுகி ஈரத்தைப் பிடித்துவைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கசிவு அங்கேதான். சேற்றில் ஓடும் வண்டியில் ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிப் பார்க்கும் பராமரிப்பை எத்தனை பேர் செய்வோம்?

நிக்கல்-காப்பரில் இந்தத் துருப் பயமே இல்லை. சுமார் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். வால்வோ 1970களிலேயே பிரேக் பைப்புக்கு எடுத்துக்கொண்ட உலோகம். கையால் வளையும், ஃபிளேர் சுத்தமாக விழும். அடிபட்டால் நசுங்கல் வெளியே தெரியும், அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ஃபிளேர் எடுத்த முனைகளை இணைக்கும் யூனியன் போட்டுவிடலாம். வெறும் செம்புப் பைப்பை மட்டும் இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். அது அதிர்வில் இறுகி வெடிக்கும். எஞ்சின் ஆடுவதால் இரு முனையிலும் குட்டையாக ஜே1532 ஹோஸ் வைத்தேன். அது கண்ணெதிரே இருப்பதால் வெடிப்பு விட்டால் உடனே தெரியும்.

ஸ்டீல் பின்னல் ஹோஸை நான் என் வண்டியில் மாட்டியதில்லை, நண்பர் வண்டியில் பார்த்ததோடு சரி. நன்றாக வளைகிறது, கழற்றி மாட்டவும் எளிது. 3/8 அங்குல லைனுக்கு ஏஎன்-6 என்ற ஹோஸ், ஃபிட்டிங் சைஸ். ஆனால் உள்ளே இருக்கும் குழாயின் நிலையைப் பின்னல் மறைத்துவிடுகிறது. அது உரசும் இடத்தையும் ரம்பம்போல அறுக்கும். என் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

வேலையில் இரண்டு விஷயம். ஃபிளேர் எடுக்குமுன் பைப்பில் நட்டைக் கோத்துவிடுங்கள், பிறகு அது நுழையாது. வெட்டிய பிசிறையும் தூளையும் காற்றடித்து வெளியேற்றிவிட்டே பைப்பை மாட்டுங்கள். ஒரு துகள் உள்ளே போனாலும் கியர்பாக்ஸ் வால்வு சிக்கிக்கொள்ளக்கூடும். பிறகு ஆயில் அளவை, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் சூட்டில் வைத்துப் பாருங்கள்.

நிக்கல்-காப்பர் இரும்பைவிட மிருதுவானது என்பதை மறைக்க விரும்பவில்லை. கல் நேராக அடிக்கும் இடத்தில் அது சீக்கிரம் நசுங்கும். அதனால் என் லைனை சேசிஸ் சட்டத்தின் உள்பக்கமாகத் திருப்பி, வெளியே தெரியும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் சுருள் கம்பிக் கவசம் போட்டிருக்கிறேன். லைனை அப்படி மறைவாகக் கொண்டுபோக வழியே இல்லாத வண்டி என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் இரும்பே நல்லது.