ரீடிங் குரூப்புக்கு புக் எடுக்கணுமா, சர்ச் ஸ்ட்ரீட் பிளாஸம் போங்க

பெங்களூர்ல தமிழ் ஆளுங்க சேர்ந்து ரீடிங் குரூப் நடத்துறவங்களுக்காக இதை எழுதுறேன். எங்க குரூப் அல்சூர் பக்கம். மாசம் ஒரு புக், யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டை மாடில உக்காந்து பேசுவோம். புக் எடுக்கிற பொறுப்பு இப்போ என்கிட்ட, அதுக்கு நான் போறது பிளாஸம் புக் ஹவுஸ்தான்.

எங்க நிலைமையை முதல்ல சொல்லிடறேன், இந்த ஊர்ல நிறைய தமிழ் குரூப்புக்கு இதே கதைதான். பாதி பேர் மதுரை சேலம்னு அங்க படிச்சுட்டு வேலைக்கு இங்க வந்தவங்க, தமிழ் மடமடன்னு படிப்பாங்க. மீதி பேர் இங்கயே பொறந்து வளர்ந்தவங்க, வீட்ல தமிழ், ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும், எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள மாசமே முடிஞ்சிரும். அதனால எங்களுக்கு ஒரே ரூல்தான், எடுக்கிற புக் தமிழ்லயும் இருக்கணும் இங்கிலீஷ்லயும் இருக்கணும். அப்புறம் ஒரு மாசம் நாவல்னா அடுத்த மாசம் நான்ஃபிக்ஷன். இப்படி தேடும்போது நெட்ல வர்ற டாப் ஐம்பது லிஸ்ட் எல்லாம் சுத்தமா உதவாது, கைல எடுத்து புரட்டிப் பாத்தாதான் வேலைக்கு ஆகும்.

பிளாஸம் பத்தி தெரியாதவங்களுக்கு: இஞ்சினியரிங் படிக்கும்போதே எம்.ஜி.ரோடு பிளாட்பாரத்துல பழைய புக் வித்த மாயி கவுடாங்கிறவர் ஆரம்பிச்ச கடை. இப்போ சர்ச் ஸ்ட்ரீட்லயே ரெண்டு கடை. பழைய கடை மூணு மாடி, ஒடுக்கமா இருக்கும், ரேக்கு சீலிங் வரைக்கும் போகும், எதிர்ல ஆள் வந்தா நீங்க ஒதுங்கி நிக்கணும். புதுசும் பழசும் கலந்து இருக்கிறதுதான் இதோட பெரிய பிளஸ். புது எடிஷன் பக்கத்துலயே அதோட பழைய காப்பி பாதி விலைக்கு கிடைச்சா குரூப்ல ஸ்டூடண்ட்ஸுக்கு எவ்வளவு நிம்மதி பாருங்க. கடைப் பசங்ககிட்ட எழுத்தாளர் பேர் சொன்னா போதும், கம்ப்யூட்டர் பக்கமே போகாம நேரா ஒரு ரேக்குக்குப் போய் ரெண்டாவது வரிசைல பின்னாடி இருக்கிறதை உருவிக் குடுப்பாங்க.

நான் பண்றது என்னன்னா, இந்திய மொழிபெயர்ப்பு இருக்கிற ரேக்ல போய் நின்னு, ஒரு புக்கை எடுத்து நடுப்பக்கம் ஒண்ணை மெதுவா வாய்விட்டு படிச்சுப் பாப்பேன். முதல் பக்கத்தை எல்லாரும் நல்லா மொழிபெயர்த்திருப்பாங்க, நடுவுல ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிற இடம் எப்படி வந்திருக்குன்னு பாத்தா தெரிஞ்சிரும், அதுல பேச்சு பேச்சா இருந்தா புக் ஓகே.

அப்படி எடுத்ததுல பெருமாள்முருகனோட பூக்குழி, 2013ல வந்தது, இங்கிலீஷ்ல பைர், 2023ல இன்டர்நேஷனல் புக்கர் பரிசு நெடும்பட்டியல்ல இருந்துச்சு. சின்ன புக், எல்லாரும் முடிச்சுட்டு வந்தாங்க, குரூப்புக்கு அது ரொம்ப முக்கியம். ஆனா எனக்கு மனசுக்கு நெருக்கம்னா அசோகமித்திரனோட 18வது அட்சக்கோடுதான். 1948ல ஹைதராபாத் இந்தியாவோட சேர்ற நேரம், செகந்திராபாத்ல வளர்ற ஒரு தமிழ்ப் பையன், கிரிக்கெட் ஆடிக்கிட்டு காலேஜ் போயிக்கிட்டு இருக்கான், சுத்தி ஊர் மாறிக்கிட்டே இருக்கு. வேற மாநிலத்துல தமிழனா வளர்றதுன்னா என்னன்னு அதுல இருக்கு, எங்க அல்சூர் ஆளுங்க அன்னைக்கு பேசின பேச்சு வேற எந்த புக்குக்கும் பேசல. அதோட இங்கிலீஷ் காப்பி இதே கடைல பழசுலதான் மாட்டுச்சு.

உள்ளூர் கதை வேணும்னா விவேக் ஷான்பாக்கோட காச்சர் கோச்சர். கன்னடத்துல எழுதினது, பெங்களூர்ல நடக்குது, தமிழ்ல கே.நல்லதம்பி மொழிபெயர்த்திருக்காரு. ஒரே ராத்திரில படிச்சிரலாம். கன்னடம் தெரிஞ்சவங்க மூலத்துலயே படிச்சுட்டு வந்தாங்க, மூணு மொழியும் ஒரே மாடில.

நான்ஃபிக்ஷனுக்கு ராமச்சந்திர குஹாவோட இந்தியா ஆஃப்டர் காந்தி. 2007ல வந்தது, தமிழ்ல கிழக்கு பதிப்பகம் போட்டிருக்காங்க. தலையணை சைஸ், முழுசா வெச்சா யாரும் படிக்க மாட்டாங்க, அதனால மொழிவாரி மாநிலம் கேட்டு நடந்த போராட்டத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம். 1956ல கோடு போட்டப்போ நம்மள்ல யார் தாத்தா எந்தப் பக்கம் இருந்தாருன்னு பேச்சு ஓடிருச்சு. அடுத்து வ.உ.சி. கப்பல் கதை, ஆ.இரா.வேங்கடாசலபதி இங்கிலீஷ்ல எழுதின ஸ்வதேசி ஸ்டீம் பாதி பேருக்கு, 2024 சாகித்ய அகாடமி வாங்கின திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908 மீதி பேருக்கு. ரெண்டும் வேற வேற புக்தான், ஆனா ஆளுக்கு ஒரு பாதி தெரிஞ்சுகிட்டு வந்து சொன்னா இன்னும் நல்லா இருக்கும்னு எனக்கு தோணுது.

குறைன்னு பாத்தா, ஒரே புக் எட்டு காப்பி வேணும்னா நீங்க போற அன்னைக்கே கைல கிடைக்காது, முன்னாடியே சொல்லி வைக்கணும். தமிழ் புக்குக்கு இந்தக் கடையை நம்பாதீங்க, நாங்க அதை பதிப்பகத்துலயே நேரா ஆர்டர் போடுறோம், இல்ல ஜனவரில சென்னை புக் ஃபேருக்குப் போறவங்ககிட்ட லிஸ்ட் குடுத்து விடுறோம். ஆன்லைன்ல மலிவா வருதேன்னு ஒரு தடவை ஒரு சைட்ல எங்காளு ஒருத்தர் வாங்கினாரு, வந்தது திருட்டு பிரிண்ட், மை அப்பி, நடுவுல பதினாறு பக்கம் காணோம். எழுதினவங்களுக்கு ஒரு பைசா போகாத காப்பியை குரூப்ல வெச்சு படிக்கிறது எனக்கு சரியா படல, அதுக்கு செகண்ட் ஹேண்ட் எவ்வளவோ மேல்.

சனி ஞாயிறு சாயங்காலம் போகாதீங்க, நிக்க இடம் இருக்காது. வார நாள்ல காலைல, பர்ப்பிள் லைன்ல எம்.ஜி.ரோடு ஸ்டேஷன் இறங்கி நடந்தே போயிரலாம்.