15 வெள்ளிக்குப் புது கேம் என்று விற்பவர்களிடம் உஷார்

சிங்கப்பூரில் கணினி கேம் விளையாடுகிறவர்கள், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். பழைய பொருள் விற்கும் தளங்களிலும் சாட் குழுக்களிலும் "ஸ்டீம் ஆஃப்லைன் அக்கவுண்ட், லைஃப்டைம் வாரண்டி" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஸ்டீம் என்பது கணினி கேம்களை ஆன்லைனில் விற்கும் கடை, ஆஃப்லைன் என்றால் இன்டர்நெட்டில் இணையாமல் விளையாடுவது. பெரிய கேம் எதுவானாலும் 15 வெள்ளி, 20 வெள்ளி. அதை வாங்கி ஏமாந்தேன். போன பணத்தை விட விற்ற ஆள் கடைசியில் பேசிய பேச்சுதான் எரிச்சல், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்கா மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு தேசிய சேவைக்குக் காத்திருந்தான், அதற்குள் பால்டர்ஸ் கேட் 3 விளையாடி முடித்துவிட வேண்டும் என்று ஆசை. விற்றவர் தமிழர், பேச்செல்லாம் அவ்வளவு மரியாதை. தளத்தின் வழியாகவே பணம் கட்டுகிறேன் என்றதற்கு, "அதுல கமிஷன் போயிடும் அண்ணே, பேநவ்ல என் பேங்க் கணக்குக்கே நேரா போட்டுடுங்க, அஞ்சே நிமிஷத்துல லாகின் வந்துடும்" என்றார். வந்தது. அதில் நுழைந்து, 150 ஜிபியையும் இறக்கி, அப்புறம் ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஆன்லைன் பக்கமே போகக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பையனும் அப்படியே செய்தான், கேமும் ஓடியது.

ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஸ்டீம் மறுபடி லாகின் கேட்டது, கூடவே ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற பாதுகாப்புக் கோடும் கேட்டது. அந்தக் கோடு போவது விற்றவரின் ஃபோனுக்கு. முதல் தடவை கேட்டதும் அனுப்பினார், அடுத்த தடவை இழுத்தடித்தார், அதற்கடுத்து பாஸ்வேர்டே மாறியிருந்தது. கேட்டால், "நீங்க ஆன்லைன் போயிருக்கீங்க அண்ணே, வாரண்டி கேன்சல்." லைஃப்டைம் என்று அவர் சொன்னது யாருடைய ஆயுளை வைத்து என்று தெரியவில்லை.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்றால், ஒரு அக்கவுண்டில் ஒரு கேமை ஒரே ஒரு முறை காசு கொடுத்து வாங்கி, அதே லாகினை வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் விற்கிறார்கள். ஈமெயில், ஃபோன் நம்பர், வாங்கிய ரசீது எல்லாம் அவர்கள் பெயரில். அக்கவுண்டை விற்கவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ கூடாது என்று ஸ்டீமின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் அங்கே புகார் கொடுக்க உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது, அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் வாடிக்கையாளரே இல்லை.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதற்கு வேறு ஒரு வழி சொன்னார்: இன்னும் 20 வெள்ளி கொடுத்தால் அவருடைய ஸ்டீம் ஃபேமிலியில் பையனைச் சேர்த்துவிடுவாராம். இதில் விழுந்துவிடாதீர்கள், இது முதல் வலையை விட மோசம். ஸ்டீம் ஃபேமிலி என்பது ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்வதற்காக 2024இல் வந்த வசதி. முன்பின் தெரியாத கும்பலில் சேர்ந்தால், உங்கள் கேமை வேறு எவனோ எடுத்து விளையாடி சீட்டிங்கில் (விளையாட்டில் ஏமாற்று வேலை செய்து) மாட்டினால் அந்த கேமில் உங்களுக்கும் சேர்த்துத் தடை விழும். வெளியே வந்தாலும், சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும் வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. நாளைக்கு நானும் அக்கா மகனும் நிஜமாகவே ஒரு ஃபேமிலி தொடங்க நினைத்தால்கூட காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வேண்டாம் என்றதும் தத்துவம் ஆரம்பித்தது. "ஸ்டீம்லயே வாங்கினாலும் உங்களுக்கு எதுவும் சொந்தம் இல்ல அண்ணே, அங்கயும் வெறும் லைசென்ஸ்தான். அதையேதான் நான் கம்மி விலைக்குத் தரேன்."

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை, அதுதான் கடுப்பு. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் காசு கட்டும் பக்கத்திலேயே, நீங்கள் வாங்குவது லைசென்ஸ், அதாவது விளையாடும் அனுமதி மட்டும்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் தன் 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதி மூடியபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் கேம் டிஸ்க் வாங்கிய காலத்து ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லி வாதாடுவதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு.

ஆனால் அந்த லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது இல்லையா? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். எபிக் என்ற இன்னொரு கேம் கடையிலும் பெரும்பாலும் இதே கணக்குதான், அதோடு வாரா வாரம் இலவச கேம் வேறு தருகிறார்கள், கடையின் செயலி மட்டும் ஸ்டீம் அளவுக்கு வசதியில்லை. உண்மையிலேயே சொந்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஜிஓஜி (GOG) என்ற கடை இருக்கிறது. காப்பி எடுக்க விடாமல் தடுக்கும் டிஆர்எம் பூட்டு கிடையாது, இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டால் இன்டர்நெட்டே இல்லாமல் நிறுவலாம், விளையாடிப் பார்த்த பிறகும் 30 நாள் வரை பணம் திரும்பக் கேட்கலாம். எல்லா கேமும் அங்கே வராது என்பதுதான் அதன் குறை. பால்டர்ஸ் கேட் 3 அங்கே உண்டு. அந்த ஆள் விற்ற ஆஃப்லைனை விட இது எவ்வளவோ ஒழுங்கான ஆஃப்லைன்.

அக்கவுண்ட் வேண்டாம், கேமை நம் அக்கவுண்டில் சேர்க்கும் கோடான கீ மட்டும் மலிவாக வாங்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். கீ எங்கிருந்து வந்தது என்பதுதான் பிரச்சினை. திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய கீயாக இருந்தால், கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் அதை ரத்து செய்துவிடுவார்கள். 2015 ஜனவரியில் ஃபார் க்ரை 4 வாங்கிய பலருடைய லைப்ரரியிலிருந்து கேம் திடீரென்று காணாமல் போனது இப்படித்தான். ஸ்டீம் ஆண்டுக்கு நாலு பெரிய தள்ளுபடி போடுகிறது, அதற்குக் காத்திருப்பதில் என்ன நஷ்டம்?

பணத்தை மீட்க முடியுமா என்றும் பார்த்தேன். நாமே அனுமதித்து அனுப்பிய பேநவ் பணத்தை வங்கி திரும்ப எடுத்துத் தராது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையான வழக்குகளை எடுப்பார்கள், 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், ஆன்லைனிலேயே பதியலாம். ஆனால் எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். 15 வெள்ளிக்காக 10 வெள்ளி கட்டி எவன் அலைவான் என்ற தைரியத்தில்தான் இந்த விலையையே வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் போலீசில் ஆன்லைன் புகார் கொடுத்திருக்கிறேன். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் பணம் கட்டும் முன்பே மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஒரே ஒரு நல்ல விஷயம், இந்த கேமின் சேவ் ஃபைல்கள், அதாவது எதுவரை விளையாடினோம் என்ற பதிவுகள், நம் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. தள்ளுபடியில் ஜிஓஜியில் வாங்கி, அந்த ஃபோல்டரை அப்படியே வைத்தோம், பையன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிட்டான். எல்லா கேமிலும் இப்படி அமையாது, அதனால் லாகின் பூட்டப்பட்டவர்கள் எதையும் அழிக்கும் முன்பு சேவ் ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

அதே ஆள் என்னை பிளாக் செய்துவிட்டு வேறு பெயரில் அதே படங்களோடு விளம்பரம் போட்டிருக்கிறார், விவரத்தில் "லாகின் கொடுத்த பின் பணம் திரும்பத் தரப்படாது" என்று ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இவரிடம் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் சாட்டையும் பேநவ் ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு போலீஸ் புகார் கொடுங்கள், தனித்தனியாக 15 வெள்ளி என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது.