பக்கத்து வீட்டு மரம்: அடியோடு சாய்ப்பதா, மேலிருந்து கழிப்பதா?

பக்கத்து வீட்டார் 40 அடி வேப்பமரத்தை அடியோடு சாய்க்கப்போகிறார்களா? விழும் பக்கம் 80 அடியாவது வெட்டவெளி வேண்டும். ஊர் மனையில் அது ஏது? சாயும் பக்கம் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, பின்பக்கம் அறுக்கும்போது நடுவே பத்தில் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். கயிறு பிடித்த நாலு பேரால் தடுக்கவே முடியாது.

மேலிருந்து கழித்தால் கூலியும் நாளும் கூடும். ஆனாலும் மதிலை ஒட்டிய மரத்துக்கு இதையே வலியுறுத்துங்கள். கிளையைக் கட்டிய கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி மெல்ல விட வேண்டும். வெறுங்கையால் பிடித்தால் உள்ளங்கை கிழியும், கிளை ஊசலாடி உங்கள் சன்ஷேடில் மோதும்.

மின்கம்பி பக்கத்தில் போனால், எந்த முறையானாலும் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே அரிவாள் படவேண்டும்.